ஆட்டோபைலட் உடைந்த பிறகு: மூன்று பேர் அட்லாண்டிக் கடந்த ஒரு பயணத்தின் நிகழ்வு ஆய்வு

கேப் வெர்டே தீவுகளிலிருந்து பார்படோஸ் வரை ஒரு சிறிய பாய்மரப் படகில் மூன்று பேர் போன பயணத்தைப் பற்றிய பதிவு இது. ஆட்களின் பெயரும் படகின் பெயரும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி விடப்பட்டிருக்கின்றன. லாக் புத்தகத்தை முழுசாகப் படிக்கத் தந்தார்கள், மூவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். நடுக்கடலில் ஆட்டோபைலட் உடைந்த கதையாகத்தான் இதை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. உடைந்த அன்று யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை, ஆபத்து வந்தது அதற்கப்புறம் மூன்று நாள் மூவரும் மனம் தளராமல் சமாளித்தபோதுதான். அந்த மூன்று நாளுக்காகவே இதை எழுதுகிறேன்.

படகும் ஆட்களும்

38 அடி நீள ஃபைபர் கிளாஸ் படகு, 1980களில் கட்டப்பட்டது, ஒரே பாய்மரம். பின்னால் ஒரு பெரிய பாய், முன்னால் சுருட்டி விரிக்கும் முன்பாய். சுக்கானைத் திருப்ப வீல். வீல் உடைந்தால் சுக்கான் தண்டின் தலையில் செருகிக்கொள்ள ஓர் இரும்புக் கைப்பிடிக் கழியும், டில்லர் என்பார்கள், உண்டு. கிட்டத்தட்ட எல்லா வீல் படகிலும் இது இருக்கும், பலர் ஒருமுறைகூட வெளியே எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உரிமையாளர்கள் ஐம்பதுகளில் இருக்கும் கணவன் மனைவி. கணவர்தான் ஸ்கிப்பர், அதாவது படகின் தலைவர், மத்தியதரைக் கடலில் பல கோடைகள் ஓட்டியவர். வழி பார்ப்பது, வானிலை வாங்குவது, உணவு, தண்ணீர்க் கணக்கு எல்லாம் மனைவி பொறுப்பு. மூன்றாவது ஆள் இருபதுகளின் கடைசியில் இருக்கும் ஓர் இளைஞர். கரையோரப் பந்தயங்களில் நன்றாகப் பாய் கட்டத் தெரிந்தவர், ஆனால் இரண்டு இரவுக்கு மேல் தொடர்ந்து கடலில் இருந்ததில்லை.

சுக்கான் பிடிக்கும் வேலையை மொத்தமாக ஆட்டோபைலட்டிடம் விட்டிருந்தார்கள். பின்பக்கத் தளத்துக்குக் கீழே ஒரு மின் மோட்டார் தண்டு சுக்கானைத் தள்ளி இழுக்கும் வகை அது. காற்றாலேயே இயங்கிச் சுக்கான் பிடிக்கும் விண்ட்வேன் படகில் இல்லை. விலை அதிகம், பின்பக்கம் ஏணி வைக்க இடம் போய்விடும் என்று வாங்காமல் விட்டார்கள். அந்தக் காரணங்கள் தவறானவை என்று சொல்ல மாட்டேன், நிறையப் பேர் இப்படித்தான் கடக்கிறார்கள்.

திட்டம்

கேப் வெர்டேயின் மிண்டெலோ துறைமுகத்திலிருந்து பார்படோஸ் சுமார் 2,000 கடல் மைல், அதாவது 3,700 கிலோமீட்டர். ஜனவரி நடுவில் கிளம்பினார்கள். ஜூன் தொடங்கி நவம்பர் வரை புயல் பருவம், அது முடிந்து சில வாரம் ஆன பிறகுதான் வடகிழக்கு வியாபாரக் காற்று நிலைத்து வீசும் என்பதால் ஜனவரி நல்ல தேர்வு. காற்று பின்னாலிருந்து, நீரோட்டமும் மேற்கு நோக்கி. ஒரு நாளைக்கு 125 கடல் மைல் என்று வைத்தால் 16 நாள். உணவு 30 நாளுக்கு. தண்ணீர்த் தொட்டி 300 லிட்டர், அது தவிரக் கேன்களில் 80 லிட்டர்.

இரவில் மூன்று மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு. ஆட்டோபைலட் ஓட்டும்போது காவல் என்றால் அடிவானம் பார்ப்பது, மற்ற கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் திரையைப் பார்ப்பது, பாயை ஒரு கண் வைத்திருப்பது, அவ்வளவுதான். ஆறு மணி நேர ஓய்வில் ஐந்து மணி நேரம் தூங்கலாம். நல்ல ஏற்பாடு.

கிளம்பும் முன் இன்னொரு காரியம் செய்தார்கள், அது பின்னால் உதவியது. தினமும் ஒரே நேரத்தில் செயற்கைக்கோள் கருவி வழியாகக் கரையிலிருக்கும் உறவினர் ஒருவருக்கு இருப்பிடம் அனுப்புவது, 24 மணி நேரம் செய்தி வராவிட்டால் அவர் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது.

முதல் ஐந்து நாள்

மிண்டெலோ இருக்கும் சாவோ விசென்டே தீவுக்கும் பக்கத்துத் தீவான சான்டோ அன்டாவோவுக்கும் நடுவே காற்று குறுகிப் பாய்வதால் முதல் சில மணி நேரம் பலமாக அடித்தது. சான்டோ அன்டாவோவின் மலை 1,979 மீட்டர் உயரம், அதன் மறைவில் மேற்கே வெகுதூரம் காற்றே இருக்காது என்பதால் முதலில் தெற்கே போய் அப்புறம் மேற்கே திரும்பினார்கள். அதுவரை எல்லாம் புத்தகப்படி.

மூன்றாம் நாளிலிருந்து காற்று 20 முதல் 24 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), அலை இரண்டரை மீட்டர், பின்பக்க மூலையில் வந்து அடிக்கும் அலை. இந்த வகை அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு பக்கமாகத் தள்ளும், சுக்கான் உடனே எதிர்ப் பக்கம் திரும்ப வேண்டும், அடுத்த ஏழெட்டு நொடியில் மறுபடி. பெரிய பாயின் பரப்பைக் குறைக்க ஒரு மடிப்பு மட்டும் வைத்து முன்பாயைக் கழியில் விரித்து ஓடினார்கள். ஒரு நாளில் 150 மைலைத் தாண்டியபோது லாக் புத்தகத்தில் மூன்று கையெழுத்திலும் மகிழ்ச்சி தெரிகிறது.

அதே பக்கத்தில் மனைவி எழுதிய ஒரு வரி இருக்கிறது: பின் அறையில் படுத்தால் சுக்கான் பக்கம் ஒரு முனகல் கேட்கிறது, நேற்று இல்லை. அடுத்த நாள் இளைஞரும் அதையே எழுதியிருக்கிறார். யாரும் திறந்து பார்க்கவில்லை, காரணம் சோம்பல் இல்லை. அந்த மோட்டார் இருக்கும் அறைக்குப் போக வேண்டுமானால் பின்பக்கப் பெட்டியில் அடுக்கியிருந்த டீசல் கேன்கள், ரப்பர்ப் படகின் எஞ்சின், கயிறு, மிதவைகள் எல்லாவற்றையும் ஆடும் தளத்தில் எடுத்து வைக்க வேண்டும். காற்று குறையட்டும், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார்கள்.

உடைந்த இரவு

ஆறாம் நாள் விடிகாலை இரண்டு மணிக்கு ஒரு பெரிய சத்தம், உடனே படகு காற்றை நோக்கித் திரும்பிச் சாய்ந்தது. காவலில் இருந்த இளைஞர் வீலைப் பிடித்துத் திருப்பினார், படகு கேட்டது. சுக்கான் நலம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. விடிந்து பெட்டியைக் காலி செய்து பார்த்தால் மோட்டாரைத் தாங்கிய பலகை படகின் உடலிலிருந்து பெயர்ந்து தொங்குகிறது, மோட்டார் மட்டும் பழுதில்லாமல் இருக்கிறது.

ஸ்கிப்பர் எபாக்ஸிப் பசை போட்டு, ஒட்டுப்பலகையில் முட்டுக் கொடுத்து ஒட்டிப் பார்த்தார். அந்த இடம் ஈரம், டீசல் கசிவும் இருந்திருக்கிறது, படகு உருண்டுகொண்டே இருந்தது. எட்டு மணி நேரம் காயவிட்டு ஓட விட்டார்கள், இரண்டு மணி நேரத்தில் மறுபடி பெயர்ந்தது. இன்னொரு முறை முயலவில்லை. பெயர்ந்த பலகையோடு மோட்டார் சாய்ந்து சுக்கானையே மாட்டிக்கொள்ளச் செய்தால் கையால் ஓட்டவும் முடியாமல் போய்விடும், அதனால் தண்டைக் கழற்றி ஓரமாகக் கட்டிவைத்தார்கள். அது சரியான முடிவு.

அப்போது கடந்தது 700 மைல், மீதி 1,300. திரும்பிப் போக முடியாதா என்று கரையிலிருப்பவர்கள் கேட்பார்கள். 700 மைலும் 20 நாட் காற்றுக்கு எதிராக, அலைக்கு எதிராக, நீரோட்டத்துக்கு எதிராக வளைந்து வளைந்து போக வேண்டியிருக்கும். அந்தக் கடலில் வழி மேற்குப் பக்கம் மட்டும்தான் திறந்திருக்கிறது.

மூன்று நாள் கைச்சுக்கான்

இங்கே எடுத்த முடிவுதான் இந்த ஆய்வின் நடுப்புள்ளி, அதனால் அவர்கள் எப்படி யோசித்தார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மூவர் இருக்கிறோம், ஆளுக்கு இரண்டு மணி நேரம் சுக்கான், நான்கு மணி நேரம் ஓய்வு. வேகத்தைக் குறைக்காமல் போனால் பத்து நாளில் கரை. பாயைச் சுருக்கி மெதுவாகப் போனால் பன்னிரண்டரை நாள். கையால் ஓட்டுவது கஷ்டம், ஆகவே அந்தக் கஷ்டம் எத்தனை நாள் குறைகிறதோ அத்தனை நல்லது, வேகமாகப் போவோம். ஸ்கிப்பர் சொன்னபோது மற்ற இருவருக்கும் அது நியாயமாகவே பட்டது, எழுத்தில் படித்தபோது எனக்கும் பட்டது.

அந்தக் கணக்கில் விட்டுப்போனது ஆள். பின்மூலை அலையில், நிலவு இல்லாத இரவில், திசைகாட்டியின் சின்ன விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு, பெரிய பாயை வைத்துக்கொண்டு ஓட்டுவது உடலை விட மூளைக்கு அதிக வேலை. இரண்டு மணி நேரம் முடிந்து இறங்குகிறவர் உடனே படுப்பதில்லை. நனைந்த உடையைக் கழற்ற வேண்டும், ஏதாவது சாப்பிட வேண்டும், சில நேரம் மற்றவருக்குச் சமைக்க வேண்டும், வானிலை பார்க்க வேண்டும், அடித்தளத்துத் தண்ணீரை இறைக்க வேண்டும். மழைச் சூறை வந்தால் பாய் சுருட்ட இன்னொரு ஆள் வேண்டும், அதற்கு எழுப்புவது தூங்குகிறவரைத்தான். நான்கு மணி நேர ஓய்வில் தூக்கம் இரண்டு, சில நேரம் ஒன்றரை. அதுவும் துண்டு துண்டாக.

லாக் புத்தகத்தில் இது கண்ணுக்குத் தெரிகிறது. ஆறாம் நாள் ஒவ்வொரு மணிக்கும் காற்று, திசை, காற்றழுத்தம், தூரம் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஏழாம் நாள் காற்றழுத்தம் விட்டுப்போகிறது. எட்டாம் நாள் சில மணி நேரங்கள் காலியாகவே இருக்கின்றன, ஓர் இடத்தில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறி எழுதப்பட்டிருக்கின்றன, அதை எழுதியது மூவரில் மிகக் கவனமானவரான மனைவி. சமையல் நின்று பிஸ்கட் சாப்பிட்டார்கள். யாரும் சண்டை போடவில்லை, யாரும் முறையிடவில்லை. ஒருவரை ஒருவர் தாங்கினார்கள். அந்தத் தாங்கல்தான் நிலைமையை மறைத்தது என்று நினைக்கிறேன். யாராவது ஒருவர் என்னால் முடியவில்லை என்று ஏழாம் நாளே சொல்லியிருந்தால் எட்டாம் இரவு அப்படி ஆகியிருக்காது.

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் எதிர்வினையும் அளவாகக் குடித்திருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடும் என்பது ஆய்வுகளில் வந்திருக்கிறது. அதிகாலை மூன்று மணிக்கு நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறவருக்கு என்ன நடக்கிறதோ அதேதான் இங்கும், கண் திறந்தபடியே சில நொடி தூங்கிப்போவது.

எட்டாம் இரவு

ஸ்கிப்பரின் முறை நள்ளிரவில் முடிந்திருக்க வேண்டும். இளைஞர் அசந்து தூங்குவதைப் பார்த்து எழுப்ப மனமில்லாமல் அவர் முறையையும் தானே ஓட்டினார். ஒன்றே முக்கால் மணிக்குத் திசைகாட்டியில் 260 பாகை பார்த்தது நினைவிருக்கிறது என்கிறார், அடுத்த நினைவு பெரிய பாய் படபடக்கும் சத்தம். காற்று பாயின் மறுபக்கம் போய்விட்டது.

பெரிய பாயைத் தாங்கும் கிடைக்கழியை, பூம் என்பார்கள், அது திடீரென்று மறுபக்கம் வீசாமலிருக்க பிரிவென்டர் என்ற கயிறு கட்டியிருந்தது. ஆனால் அது பூமின் நடுவிலிருந்து படகின் நடு விளிம்புக்கு, ஏறக்குறைய நேர் கீழாகக் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கோணத்தில் கயிற்றுக்கு வரும் சுமை பல மடங்கு. கயிறு அறுந்து பூம் முழு வேகத்தில் தளத்தைக் கடந்தது. பெரிய பாயின் கயிறு ஓடும் தண்டவாளத்தின் வண்டி நொறுங்கியது, பூமின் நடுவே இருந்த கொக்கியின் ரிவெட்டுகள் பிடுங்கி வந்தன.

மனைவி தன் முறைக்காக மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். பூம் அவர் தலைக்கு மேலே போனது, ஆனால் அதோடு வந்த கப்பிக் கயிற்றுத் தொகுதி அவர் முகத்துக்கு முன்னால் ஒரு கையகலத்தில் கடந்தது. இன்னும் ஒரு படி ஏறியிருந்தால் என்று அவரே என்னிடம் சொல்லி நிறுத்தினார். அட்லாண்டிக்கின் நடுவில் தலைக்காயம் என்றால் மருத்துவர் இருக்கும் கரை ஏழெட்டு நாள் தூரம்.

நிறுத்தித் தூங்கியது

பெரிய பாயை இறக்கிக் கட்டினார்கள். அப்போது மனைவி சொன்னது: படகை நிறுத்துவோம், எல்லோரும் தூங்கின பிறகுதான் அடுத்து என்ன என்று பேசுவோம், இப்போது எடுக்கும் எந்த முடிவையும் நான் நம்பமாட்டேன். ஸ்கிப்பர் மறுக்கவில்லை.

நடுக்கடலில் நிறுத்துவது என்றால் ஹீவ்-டு செய்வது. முன்பாயில் ஒரு துண்டைக் காற்றுப் பக்கமாக இழுத்துக் கட்டி, பெரிய பாயை நன்றாக மடித்துக் கொஞ்சமாக ஏற்றி, சுக்கானைக் காற்றை நோக்கித் திருப்பும்படி பூட்டிவிட்டால் இரண்டு பாயும் ஒன்றையொன்று எதிர்த்துப் படகு அடங்கிப்போகும். காற்றுக்கு ஒரு கோணத்தில் மூக்கை வைத்துக்கொண்டு மணிக்கு ஒரு மைல் போல மெல்ல நகரும். நொறுங்கிய வண்டிக்குப் பதிலாகப் பெரிய பாயின் கப்பியைத் தளத்து வளையத்தில் கயிற்றால் கட்டிச் சமாளித்தார்கள். விடியும்போது படகு அடங்கியது. அதுவரை இருந்த இரைச்சலும் உதறலும் போனது மூவரையுமே திகைக்க வைத்திருக்கிறது. ஒருவர் ஏஐஎஸ் அலாரத்தோடு உட்கார, இருவர் முழுசாகத் தூங்கினார்கள். பிறகு மாறினார்கள். அன்று பகலும் இரவும் அப்படியே. நகர்ந்தது சுமார் 25 மைல், அதுவும் பெரும்பாலும் மேற்கே.

மாலையில் சூடாகச் சாப்பிட்ட பிறகு மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். உதவி கேட்கலாமா என்ற பேச்சு வந்தது. படகில் தண்ணீர் ஏறவில்லை, பாய்மரம் நிற்கிறது, சுக்கான் வேலை செய்கிறது, யாருக்கும் காயமில்லை. ஒரு சரக்குக் கப்பலை வரவழைத்து அந்த அலையில் அதன் பக்கவாட்டில் ஏறுவது இருப்பதை விடப் பெரிய ஆபத்து. அதனால் அவசர அழைப்பு வேண்டாம், ஆனால் நிலைமையை அப்படியே கரை உறவினருக்கு எழுதி, இனி ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை இருப்பிடம் வரும் என்று சொல்வது. பகலில் ஓட்டி இரவில் நிறுத்துவதும் ஒரு வழியாகப் பேசப்பட்டது, அது மாற்றுத் திட்டமாக வைக்கப்பட்டது. முதல் திட்டம், ஆள் இல்லாமலே படகு தன்னைத்தானே ஓட்டும்படி பாயைக் கட்டுவது.

இரட்டை முன்பாய்

இதைச் சொன்னவர் இளைஞர். எங்கோ படித்திருக்கிறார், செய்து பார்த்ததில்லை. இது பழைய வித்தை, மின்சார ஆட்டோபைலட் வருவதற்கு வெகு முன்பே, 1930களிலேயே வியாபாரக் காற்றில் இப்படிக் கடந்தவர்கள் உண்டு. பெரிய பாயே வேண்டாம். இரண்டு முன்பாயை இரு சிறகாக விரித்து, ஒவ்வொன்றின் கயிற்றையும் பின்னால் கொண்டுவந்து டில்லரின் அந்தந்தப் பக்கம் கட்டிவிடுவது. படகின் மூக்கு இடப்பக்கம் விலகினால் காற்று இடப்பக்கப் பாயில் அதிகமாகப் படும், அந்தக் கயிறு டில்லரை இடப்பக்கம் இழுக்கும், டில்லர் இடப்பக்கம் போனால் படகு வலப்பக்கம் திரும்பும், பழைய திசைக்கு வந்துவிடும். வலப்பக்கம் விலகினாலும் இதேபோல.

அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு கழி. அதில் ஒரு பாயை விரித்து, மற்றதற்குப் பூமையே கழியாக்கினார்கள். பூமை வெளியே தள்ளி, இந்த முறை அதன் நுனியிலிருந்து படகின் முன்முனைக்குக் கயிறு கட்டி அசையாமல் பூட்டி, நுனியில் ஒரு கப்பி வைத்து அதன் வழியே பாயின் கயிற்றை எடுத்தார்கள். முன்பாய் சுருட்டும் குழாயில் பாயின் விளிம்பைச் செருக இரண்டு பள்ளம் இருந்தது அதிர்ஷ்டம். விடிகாலையில் காற்று தணிந்த நேரத்தில் முன்பாயை இறக்கி, பழைய முன்பாயை இரண்டாம் பள்ளத்தில் சேர்த்து, இரண்டையும் ஒன்றாக ஏற்றினார்கள். இப்படிச் செய்தால் சூறை வரும்போது இரண்டும் சேர்ந்தே சுருளும், யாரும் முன்னால் போக வேண்டாம்.

பல வருடம் பெட்டியில் கிடந்த அவசர டில்லரைச் செருகினார்கள். கயிறுகளை முதலில் டில்லரின் நடுவில் கட்டியபோது சுக்கான் அளவுக்கு மீறித் திரும்பி, படகு முப்பது பாகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. நுனிக்கு நகர்த்தியதும் அதே கயிறு இழுப்புக்குச் சுக்கான் குறைவாகத் திரும்பியது. ரப்பர்ப் படகைக் கட்டும் எலாஸ்டிக் வடங்களை இரு பக்கமும் போட்டு டில்லரை நடுவுக்கு இழுக்கச் செய்தார்கள். அந்த நாள் பெரும்பாலும் இந்தச் சரிசெய்தலிலேயே போனது. சாயங்காலம் படகு பதினைந்து பாகை வித்தியாசத்துக்குள் தானாக ஓடியது. மூவரும் தளத்தில் உட்கார்ந்து யாரும் தொடாத டில்லர் அசைவதை நெடுநேரம் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், அவர்களிடம் இருந்த பொருட்களிலேயே தீர்வு முழுவதும் இருந்தது, தூங்கி எழுந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. பெரிய பாய் இல்லாததால் படகு இரு பக்கமும் பயங்கரமாக உருண்டது. மூடி பூட்டிக்கொள்ளும் என்பதற்காகவே எல்லாச் சமையலும் பிரஷர் குக்கரில். படுக்கையில் உருளாமலிருக்கப் பாய்ப் பைகளைப் பக்கத்தில் திணித்துக்கொண்டார்கள். கயிறுகள் கழி நுனியில் உரசித் தேய்வதால் தினமும் காலை ஒரு சாண் இழுத்துத் தேய்மானத்தை இடம் மாற்றினார்கள். மிதக்கும் சர்காசம் பாசி சுக்கானில் சிக்கினால் படகு சொன்னபடி கேட்காது, கழியால் தள்ளிவிட வேண்டும்.

முக்கியமான கட்டுப்பாடு, இந்த ஏற்பாட்டில் காற்று போகும் பக்கம்தான் படகு போகும். காற்று கிழக்கு வடகிழக்கானபோது படகு மேற்கு தென்மேற்காகப் போய் பார்படோஸ் பாதையிலிருந்து தெற்கே இறங்கியது. இங்கே மனைவி எடுத்த முடிவு நல்லது: இலக்கைத் தளர்த்திக்கொள்வது. பார்படோஸைத் தவறவிட்டாலும் அதற்கு மேற்கே சுமார் 90 மைலில் செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா எல்லாம் வரிசையாக இருக்கின்றன. தெற்கே நழுவினால் கிரெனடா, டொபேகோ. எந்தத் தீவானாலும் கரைதான் என்று வைத்துக்கொண்டதால் ஒவ்வொரு பாகைக்கும் போராட வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாளில் காற்று கிழக்குக்குத் திரும்பியது, படகும் தானாகப் பாதைக்கு வந்தது.

மின்சாரத்தில் எதிர்பாராத நன்மை. ஆட்டோபைலட்தான் நாளுக்கு நூறு ஆம்பியர் மணி நேரத்துக்கு மேல் தின்றுகொண்டிருந்தது. அது போனதும் சூரியத் தகடுகளே போதும், எஞ்சின் ஓட்ட வேண்டாம், இரவு முழுக்க மணிக்கொரு முறை ரேடார் போட்டு மழைச் சூறை வருகிறதா என்று பார்க்க முடிந்தது. பழைய மூன்று மணி, ஆறு மணி முறைக்குத் திரும்பினார்கள். லாக் புத்தகத்தில் காற்றழுத்தம் மறுபடி எழுதப்படுகிறது. ஒரு நாளைக்கு 105 மைல் போல.

கரை சேர்ந்தது

பார்படோஸின் உயரமான இடமே 340 மீட்டர்தான், தூரத்திலிருந்து தெரியாது. தென்கிழக்குக் கரையில் பவளப் பாறை, வியாபாரக் காற்றின் அலை நேராக அதில் மோதும். பதினெட்டாம் நாள் மாலை கணக்குப் பார்த்தால் நள்ளிரவுக்குப் பின் கரையை நெருங்குவார்கள். இளைஞருக்குப் போய்விட ஆசை, ஸ்கிப்பருக்கும்தான். 30 மைல் தள்ளி மறுபடி ஹீவ்-டு செய்து விடியும்வரை காத்திருந்தார்கள். காலையில் எஞ்சினைப் போட்டு, பாயைச் சுருட்டி, கையால் ஓட்டித் தெற்கு முனையைச் சுற்றி பிரிட்ஜ்டவுன் போய்ச் சுங்க வேலையை முடித்து கார்லைல் விரிகுடாவில் நங்கூரமிட்டார்கள். திட்டத்தை விட மூன்று நாள் அதிகம். காயம் என்றால் உள்ளங்கைக் கொப்புளங்களும் உப்புப் புண்ணும் மட்டும். தண்ணீர் தாராளமாக மீதி இருந்தது.

ஏன் உடைந்தது

பட்டறையில் பார்த்தபோது அந்தப் பலகை படகின் உடலில் பாலியெஸ்டர் ரெசினால் மெல்லிய ஒரு அடுக்கு மட்டும் போட்டு ஒட்டப்பட்டிருந்தது, ஊடுருவும் போல்ட் எதுவும் இல்லை. ஏற்கெனவே இறுகிய ஃபைபர் கிளாஸ் மேல் பின்னால் ஒட்டும் பாலியெஸ்டர் எபாக்ஸி அளவுக்குப் பிடிக்காது. முந்தைய உரிமையாளர் காலத்து வேலை, வெளியிலிருந்து பார்த்தால் திடமாகத் தெரிந்திருக்கும்.

ஆனால் பலகையை மட்டும் குறை சொல்லி முடிப்பது சரியல்ல. ஒரே பக்கம் விரிந்த பெரிய பாய் படகை எப்போதும் காற்றை நோக்கித் திருப்பப் பார்க்கும், சுக்கான் எப்போதும் அதை எதிர்த்து நிற்கும். ஐந்து நாள், ஒவ்வோர் அலைக்கும் ஒரு தள்ளல். முதலிலிருந்தே பெரிய பாயில் இரண்டு மடிப்பு வைத்திருந்தாலோ முன்பாய்களிலேயே ஓடியிருந்தாலோ அந்தப் பலவீனமான ஒட்டல்கூடக் கரை வரை தாங்கியிருக்கலாம். ஆட்டோபைலட் உழைக்கிற உழைப்பு வெளியே தெரிவதில்லை. வாரத்தில் ஒரு முறை அதை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கையால் பிடித்துப் பார்த்தால் தெரியும், கை வலித்தால் அதற்கும் வலிக்கிறது என்று பொருள்.

என்ன மாறும்

மோட்டாரின் தளம் இப்போது பழையதைச் சுரண்டி எடுத்து, கனமான அடுக்குகளோடு எபாக்ஸியில், ஊடுருவும் போல்ட்டும் பின்தகடும் வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அந்த அறைக்குப் போகும் வழியில் எந்தப் பொருளும் வைப்பதில்லை என்பது மனைவியின் விதி. புதிய சத்தம் கேட்டால் அன்றைக்கே திறந்து பார்ப்பது, அதற்காகப் படகை நிறுத்த வேண்டியிருந்தாலும் சரி. பிரிவென்டர் எப்போதும் பூமின் நுனியிலிருந்து முன்முனை வழியாகத் திரும்பிப் பின்தளத்துக்கு, பெரிய பாய் விரிக்கும் எல்லா நேரமும். இருட்டும் முன் ஒரு மடிப்பு கூடுதலாக.

தூக்கத்தையும் இனி லாக் புத்தகத்தில் எழுதுகிறார்கள். தண்ணீர், டீசல் மீதியோடு ஒவ்வொருவரும் கடைசி 24 மணி நேரத்தில் எவ்வளவு தூங்கினார் என்பதும் ஒரு கட்டம். யாராவது இரண்டு நாள் சேர்ந்தாற்போல நான்கு மணி நேரத்துக்குக் கீழே போனால், காற்று நன்றாக இருந்தாலும் படகு நிற்கும். மற்றவர் முறையைத் தானே ஓட்டி அவரைத் தூங்கவிடுவதும் கிடையாது. அந்த அன்பு எனக்குப் புரிகிறது, எட்டாம் இரவுக்குக் காரணமும் அதுதான். முறை முடிந்தால் எழுப்பியே ஆக வேண்டும்.

மூன்று பேரும் ஒத்துப்போகாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்கிப்பர் இன்னொரு முழு ஆட்டோபைலட்டை உதிரியாக வைத்தால் போதும் என்கிறார். மற்ற இருவரும் விண்ட்வேன் வேண்டும் என்கிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான். 1960இல் நடந்த முதல் தனியாள் அட்லாண்டிக் பந்தயத்திலேயே ஹாஸ்லரும் சிசெஸ்டரும் விண்ட்வேனை நம்பித்தான் கடந்தார்கள். மின்சாரம் வேண்டாம், காற்று கூடக்கூட அதன் பலமும் கூடும். எல்லாவற்றையும் விட, பாய் சமநிலையில் இல்லாவிட்டால் விண்ட்வேன் திசையைப் பிடிக்காது, அதனால் தவறை முதல் மணி நேரத்திலேயே காட்டிக்கொடுக்கும். ஆட்டோபைலட் வாய் திறக்காமல் ஐந்து நாள் தாங்கிவிட்டு ஆறாம் நாள் உடைகிறது. படகு இப்போது கரீபியனில் இருக்கிறது, பனாமா பக்கம் கிளம்பும் முன் பின்பக்கத்தில் எதைப் பொருத்துவது என்று முடிவாக வேண்டும்.